திரும்பி நடந்த தீரர் சர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன்



வீரர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் யார்? முன்வைத்த காலைப் பின்வைக்காதவர் அல்லவா? பாட்டிலும் கதையிலும் நாம் அப்படித்தான் படித்திருக்கிறோம். ஆனால் வைத்த காலைப் பின்வாங்கத் தெரிந்திருந்ததனாலேயே வீரர் எனப் போற்றப்படும் ஒருவரும் இவ்வுலகில் வாழ்ந்தார். தென் துருவத்தை அடையப் புறப்பட்டார், அடையவில்லை. அண்டார்டிகாக் கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார், கடக்கவில்லை. பனி மூடிய மலையில் வழி தேடி நடந்தார். ஒரே பயணத்தில் ஐந்து முறை வழி தவறினார். ஆயினும் கடலோடிகளும் மலையேறுவோரும் இன்றும் அவர் பெயரைக் கேட்டால் தலைவணங்குகின்றனர். அவர்தாம் சர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன்.

பிறப்பும் இளமையும்

ஷாக்கிள்டன் 1874ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் அயர்லாந்து நாட்டில் கில்டேர் மாவட்டத்தில் பிறந்தார். பெற்றோருக்குப் பத்துப் பிள்ளைகள். அவர்களுள் இவர் இரண்டாமவர். உடன் பிறந்த பெண்கள் மட்டும் எண்மர்! தந்தையார் முதலில் விவசாயம் செய்தார். பின்னர் மருத்துவம் பயின்று மருத்துவரானார். எர்னஸ்டுக்குப் பத்து வயதானபோது குடும்பம் லண்டன் நகரின் புறப்பகுதியில் குடியேறியது.

மகனும் மருத்துவராக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ கடல்மீது காதல். பதினாறாம் வயதிலேயே ஒரு பாய்மரக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். அலையிலும் புயலிலும் அடிபட்டு, படிப்படியாகத் தேர்வுகள் எழுதி, 1898ஆம் ஆண்டில் கப்பல் தலைவருக்குரிய சான்றிதழைப் பெற்றார்.

1901ஆம் ஆண்டு கேப்டன் ஸ்காட் தலைமையில் 'டிஸ்கவரி' என்னும் கப்பல் அண்டார்டிகாவுக்குப் புறப்பட்டது. அதில் ஷாக்கிள்டனும் சென்றார். ஸ்காட், வில்சன் ஆகியோருடன் பனியில் சறுக்குவண்டி இழுத்துக்கொண்டு, அதுவரை எவரும் செல்லாத தொலைவுக்குத் தென்திசையில் நடந்தார். ஆனால் புதிய காய்கறி, பழம் இன்மையால் வரும் ஸ்கர்வி நோய் அவரை வாட்டியது. உடல்நலம் குன்றியவர் என்று 1903ஆம் ஆண்டில் அவரைத் தாய்நாட்டுக்கு அனுப்பிவிட்டனர். துணிவு மிக்க இளைஞருக்கு அது எத்துணை வேதனையாக இருந்திருக்கும்!

துருவத்தின் வாசலில்

1907ஆம் ஆண்டில் அவரே தலைவராகி 'நிம்ராட்' என்னும் சிறு கப்பலில் மீண்டும் புறப்பட்டார். ஆடம்ஸ், மார்ஷல், வைல்ட் ஆகிய மூவரை உடன் அழைத்துக்கொண்டு தென் துருவத்தை நோக்கி நடந்தார். வண்டி இழுக்கக் கொண்டு சென்ற குதிரைக் குட்டைகள் ஒவ்வொன்றாக மடிந்தன. கடைசிக் குதிரை பனிப்பிளவில் விழுந்து மறைந்தது. மனிதர்களே வண்டியை இழுத்தனர். உணவும் நாளுக்கு நாள் குறைந்தது.

1909ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் அவர்கள் நின்ற இடத்திலிருந்து துருவம் இன்னும் சுமார் 180 கிலோமீட்டர் தொலைவுதான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்தவர்களுக்கு அது எம்மாத்திரம்! உலகில் முதன்முதலாகத் துருவத்தை மிதித்தவர் என்னும் புகழ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் ஷாக்கிள்டன் மீதியிருந்த உணவைக் கணக்கிட்டுப் பார்த்தார். துருவம் போய்ச் சேரலாம். ஆனால் நால்வரும் உயிரோடு திரும்ப முடியாது. அவ்வளவுதான்! கொடியை நட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

திரும்பும் வழியில் வைல்ட் நோயுற்றுச் சோர்ந்தபோது, தம் காலை உணவுக்கென இருந்த ஒரே பிஸ்கட்டை ஷாக்கிள்டன் வற்புறுத்தி அவருக்கு உண்ணக் கொடுத்தார். எத்தனை பணம் கொடுத்தாலும் அந்தப் பிஸ்கட்டுக்கு ஈடாகாது என்னும் கருத்தை வைல்ட் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பயணத்தின் முடிவில் மார்ஷலால் நடக்க இயலவில்லை. அவரை ஆடம்ஸின் துணையில் விட்டுவிட்டு, ஷாக்கிள்டன் வைல்டுடன் விரைந்து சென்று கப்பலை எட்டினார். பின்பு ஓய்வும் கொள்ளாமல் தாமே திரும்பிப் போய் அவ்விருவரையும் அழைத்து வந்தார். நால்வரும் பிழைத்தனர்.

தென் துருவத்தை 1911ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் நார்வே நாட்டு அமுண்ட்சென் முதலில் அடைந்தார். ஒரு மாதம் கழித்து அங்குச் சென்ற ஸ்காட்டும் அவருடைய தோழர் நால்வரும் திரும்பும் வழியில் பனியிலேயே மாண்டனர். திரும்பும் வழியையும் எண்ணிப் பார்த்த ஷாக்கிள்டனின் கணக்கு எத்துணை சரியானது என்பதை உலகம் அப்போது உணர்ந்தது.

பனியில் சிக்கிய கப்பல்

துருவம் கிடைக்காவிட்டால் என்ன? கண்டத்தையே குறுக்கே கடப்போம் என்று எண்ணினார் ஷாக்கிள்டன். 1914ஆம் ஆண்டில் 'எண்டூரன்ஸ்' என்னும் கப்பலில் புறப்பட்டார். பொறுமையே வெற்றி தரும் என்னும் பொருளுடைய தம் குடும்ப விருதுவாக்கியத்தை நினைந்து அவர் இட்ட பெயர் அது. கப்பலில் அவரையும் சேர்த்து இருபத்தெட்டுப் பேர் இருந்தனர்.

1915ஆம் ஆண்டு ஜனவரியில் வெட்டெல் கடலின் பனிக்கட்டிகள் கப்பலைச் சூழ்ந்து பிடித்துக்கொண்டன. பத்து மாதங்கள் கப்பல் பனியோடு பனியாக மிதந்து சென்றது. பனியின் நெருக்கலில் பலகைகள் பிளந்தன. அக்டோபர் 27ஆம் நாள் எல்லாரும் கப்பலைவிட்டுப் பனியின்மீது இறங்கினர். நவம்பர் 21ஆம் நாள் கப்பல் கடலுள் மூழ்கியது. அன்றே ஷாக்கிள்டனின் குறிக்கோள் மாறிவிட்டது. கண்டத்தைக் கடப்பதை மறந்தார். இருபத்தெழுவரையும் வீடு சேர்ப்பதே இனித் தம் கடமை எனக் கொண்டார்.

மிதக்கும் பனியில் மாதக்கணக்கில் கூடாரமிட்டு வாழ்ந்தபின், 1916 ஏப்ரலில் மூன்று சிறு படகுகளில் ஏறி, எலிஃபன்ட் தீவு என்னும் பாழ்ந்தீவை அடைந்தனர். பதினாறு மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர்கள் கால்கள் நிலத்தைத் தொட்டன! ஆனால் அத்தீவு கப்பல்கள் வராத இடம். உதவி தேடி எவரேனும் போக வேண்டும்.

ஏப்ரல் 24ஆம் நாள், இருபத்திரண்டு பேரை வைல்டின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஷாக்கிள்டன் ஐந்து பேருடன் 'ஜேம்ஸ் கேர்ட்' என்னும் படகில் புறப்பட்டார். படகின் நீளம் ஏறத்தாழ 22 அடி. போக வேண்டிய தென் ஜார்ஜியாத் தீவோ சுமார் 1,500 கிலோமீட்டருக்கு அப்பால், உலகிலேயே கொந்தளிப்பு மிகுந்த கடலின் நடுவில்!

வழி காட்டும் பொறுப்பு வொர்ஸ்லி என்பவருடையது. சூரியனும் தொடுவானமும் தெரிந்தால்தான் செக்ஸ்டன்ட் என்னும் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து படகு நிற்குமிடத்தைக் கணக்கிட முடியும். ஆனால் வானமோ மேகத்தால் மூடிக் கிடந்தது. பயணம் முழுவதிலும் நான்கு முறைதான் அவரால் சூரியனை அளக்க முடிந்தது. படகு குதித்த குதியில் இருவர் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் தீவைத் தவறவிட்டு எல்லையற்ற கடலுள் போய்விடுவார்கள். அங்கே காற்று மேற்கிலிருந்து வீசுவது; ஒருமுறை தீவைக் கடந்துவிட்டால் திரும்ப முடியாது. ஆகையால் மக்கள் வாழும் வடகிழக்குக் கரையை நாடாமல், தவற வாய்ப்புக் குறைந்த தென்மேற்குக் கரையையே குறிவைத்தனர். மே 10ஆம் நாள் கரை சேர்ந்தனர்.

வரைபடத்தில் இல்லாத மலை

உயிர் பிழைத்தனர், ஆனால் கரையேறிய பக்கத்தில் மனித வாடையே இல்லை. திமிங்கில வேட்டை நிலையங்கள் தீவின் மறுபக்கத்தில் இருந்தன. படகோ சிதைந்துவிட்டது, இருவர் நோயுற்றுக் கிடந்தனர். மலையைக் கடந்து நடப்பதே ஒரே வழி. அத்தீவின் கரையோரம் மட்டுமே வரைபடத்தில் இருந்தது. உள்நாடு வெற்றிடமாக விடப்பட்டிருந்தது. யாரும் அதைக் கடந்ததில்லை.

மே 19ஆம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு, நிலவொளியில் ஷாக்கிள்டன், வொர்ஸ்லி, டாம் கிரீன் ஆகிய மூவரும் புறப்பட்டனர். டாம் கிரீன் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில் ஏழைக் கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மூவரிடமும் கூடாரம் இல்லை; படுக்கை இல்லை. மூன்று நாள் உணவு, ஓர் அடுப்பு, ஐம்பது அடிக் கயிறு, தச்சரின் வாய்ச்சி ஒன்று. பனியில் வழுக்காதிருக்கப் படகின் திருகாணிகளைக் காலணிகளின் அடியில் பொருத்தியிருந்தனர்.

சில மணி நேரத்திலேயே முதல் தவறு நேர்ந்தது. மூடுபனியின் ஊடே கீழே ஓர் உறைந்த ஏரி தெரிந்தது. அதன்மீது நடந்தால் எளிது என்று எண்ணி இறங்கினர். பனி விலகியதும் பார்த்தால், அது முடிவின்றி நீண்டுகொண்டே போனது. ஏரியன்று, கடல்! தீவின் வடகரையில் வேறொரு விரிகுடாவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். கரையோரமாக நடக்கவும் இடமில்லை. வந்த வழியே மீண்டும் ஏறினர்.

அடுத்து எதிரே ஒரு மலைத்தொடர், விரித்த கைவிரல்கள்போல் நின்றது. விரல்களுக்கு இடையே நான்கு கணவாய்கள் இருந்தன. முதல் கணவாயில் படி வெட்டி வெட்டி ஏறினர். மறுபுறம் செங்குத்தான பள்ளம். இறங்கி வந்து இரண்டாவதில் ஏறினர், அங்கும் பள்ளம். மூன்றாவதிலும் அதே கதி. ஒவ்வொரு முறையும் ஏறிய களைப்பு வீண். இறங்கிய களைப்பு மிச்சம்! நான்காவது கணவாயின் உச்சியை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பின்னாலிருந்து மூடுபனி துரத்தி வந்தது. மறுபுறம் சரிவாக இருந்தது. ஆனால் இருளில் அதன் அடி தெரியவில்லை. அவ்வுயரத்தில் இரவு தங்கினால் குளிரில் விறைத்துப் போவார்கள். கயிற்றைச் சுருட்டி அதன்மேல் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து, ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு, இருளுக்குள் சறுக்கினர்! சில நிமிடங்களில் காயமின்றி அடிவாரத்தை அடைந்தனர்.

நிலவு எழுந்தது. தொலைவில் ஒரு விரிகுடா தெரிந்தது. தாங்கள் தேடிய ஸ்ட்ராம்னெஸ் விரிகுடா இதுவே என்று மூவரும் மகிழ்ந்தனர். தீவும் பாறையும் தெரிந்தவைபோல் தோன்றின. ஆவல் கண்ணை மறைக்கும் அல்லவா? ஆனால் சிறிது தூரம் இறங்கியதும் காலடியில் பனிப்பிளவுகள் தென்பட்டன. பனியாறு இருந்தால்தான் அத்தகைய பிளவு இருக்கும். ஸ்ட்ராம்னெஸில் பனியாறு கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆக, இது வேறு விரிகுடா! களைத்துச் சோர்ந்த கால்களைத் திருப்பி மீண்டும் மேலே ஏறினர். இது ஐந்தாவது முறை.

விடியலுக்குச் சற்றுமுன் ஒரு பாறையோரம் அமர்ந்தனர். அடுத்த நொடியே வொர்ஸ்லியும் கிரீனும் உறங்கிவிட்டனர். தாமும் உறங்கினால் மூவரும் எழவே மாட்டோம் என்று உணர்ந்த ஷாக்கிள்டன் விழித்திருந்தார். ஐந்தே நிமிடம் கழித்து அவர்களை எழுப்பி, அரை மணி நேரம் உறங்கிவிட்டீர்கள் என்றார். அதை நம்பி இருவரும் புத்துணர்வு பெற்று நடந்தனர். பொய் கூறல் பாவம் என மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். இந்தப் பொய்யை இறைவன் எந்தக் கணக்கில் எழுதினாரோ, நானறியேன். வள்ளுவப் பெருந்தகை மன்னித்திருப்பார் என்று மட்டும் தோன்றுகிறது.

மே 20ஆம் நாள் காலை ஏழு மணி. மலைகளுக்கு அப்பாலிருந்து ஊதல் ஒலி ஒன்று கேட்டது. வேட்டை நிலையத்தில் தொழிலாளரை வேலைக்கு அழைக்கும் சங்கொலி அது! ஒன்றரை ஆண்டுக்குப் பின் அவர்கள் கேட்ட வெளியுலகின் முதல் ஒலி. பேச்சு எழாமல் மூவரும் கைகுலுக்கிக்கொண்டனர். அதன் பின்னும் சோதனை தீரவில்லை. உறைந்த குளத்தின் மேற்பனி உடைந்து கிரீன் நீருள் அமிழ்ந்தார், மீட்டனர். கடைசியில் ஓர் அருவி குறுக்கிட்டது. கயிற்றைப் பாறையில் கட்டி, பனிநீரில் நனைந்தபடியே அதனூடே இறங்கினர்.

பிற்பகலில் நிலையத்தை அடைந்தனர். சடைமுடியும் கரிபடிந்த முகமுமாக வந்த மூவரைக் கண்டு, எதிர்ப்பட்ட சிறுவர் இருவர் அஞ்சி ஓடினர். முன்பே அவர்களை அறிந்த நிலைய மேலாளருக்கும் அடையாளம் தெரியவில்லை. அன்றிரவே கடும் பனிப்புயல் வீசியது. ஒரு நாள் தாமதித்திருந்தால், மூவரையும் அந்த மலையே விழுங்கியிருக்கும்.

நான்காவது துணைவர்

இப்பயணத்தைப் பற்றி ஷாக்கிள்டன் பின்னர் வியப்பான செய்தி ஒன்றை எழுதினார். மலையில் நடந்த முப்பத்தாறு மணி நேரமும், தாங்கள் மூவரல்லர், நால்வர் என்னும் உணர்வு அவருக்கு இருந்ததாம். அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வொர்ஸ்லியும் தமக்கும் அவ்வாறே தோன்றியது என்றார். கிரீனும் அதையே கூறினார். களைத்த மனத்தின் மயக்கம் என்று அறிஞர் சிலர் கூறலாம். தானியேல் நூலில் எரியும் சூளையில் எறியப்பட்ட இளைஞர் மூவருடன் நான்காமவர் ஒருவர் உலவியதைப் படித்த நமக்கு, அந்த நான்காவது துணைவர் யார் என்று எண்ணிப் பார்க்கக் கடினமில்லை.

மறுகரையில் விட்டு வந்த மூவரையும் வொர்ஸ்லி உடனே கப்பலில் சென்று அழைத்து வந்தார். எலிஃபன்ட் தீவிலிருந்த இருபத்திரண்டு பேரை மீட்பதுதான் அரிதாயிற்று. மூன்று முறை மூன்று கப்பல்களில் சென்றார் ஷாக்கிள்டன், மூன்று முறையும் பனி வழிமறித்தது, திரும்பினார். அங்கே வைல்ட், தலைவர் இன்று வரலாம், மூட்டைகளைக் கட்டி வையுங்கள் என்று நாள்தோறும் தோழர்களைத் தேற்றிக்கொண்டிருந்தார். பிஸ்கட்டைத் தந்த கையை அவர் எப்படி நம்பாதிருப்பார்? ஆகஸ்டு 30ஆம் நாள் சிலி நாட்டின் 'எல்சோ' என்னும் சிறு கப்பலில் ஷாக்கிள்டன் நான்காம் முறையாக வந்தார். கரையில் நின்றவர்களை எண்ணினார். இருபத்திரண்டு பேர்! ஒருவரும் குறையவில்லை.

அவர் குறையே இல்லாதவர் என்று நான் எழுத மாட்டேன். கண்டத்தின் மறுபுறத்தில் அவருக்காக உணவு சேமித்து வைக்கச் சென்ற மற்றொரு குழுவில் மூவர் உயிரிழந்தனர். அவர் மனைவியும் மூன்று குழந்தைகளும் ஆண்டுக்கணக்கில் அவரைப் பிரிந்து வாழ்ந்தனர். கடன்களும் அவரை விடவில்லை. வீட்டில் அமைதியாக இருக்க அறியாத அம்மனிதர், 1921ஆம் ஆண்டில் மீண்டும் தெற்கே புறப்பட்டார். 1922ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், தென் ஜார்ஜியாத் தீவில் கப்பலிலேயே மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. மனைவியின் விருப்பப்படி மார்ச் 5ஆம் நாள் அத்தீவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தாம் வழி தவறி, வழி கண்ட மண்ணிலேயே அவர் துயில்கிறார்.

சரியாக நூறு ஆண்டுகள் கழிந்தன. 2022ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், மூழ்கிய 'எண்டூரன்ஸ்' கப்பலை 3,008 மீட்டர் ஆழத்தில் ஆய்வாளர் கண்டுபிடித்தனர். பனியில் நின்றுகொண்டு வொர்ஸ்லி அன்று குறித்து வைத்த இடத்திலிருந்து ஏறத்தாழ நான்கு கடல்மைல் தொலைவில்தான் அது கிடந்தது! அத்துணை துல்லியமாகக் கணக்கிடத் தெரிந்தவரும் மலையில் வழி தவறினார் என்றால், தவறுவது மூடர்க்கு மட்டுமே உரியதன்று என்பது விளங்கவில்லையா?

தோழியரே! கணக்கின் முதல் வரியில் பிழை என்று தெரிந்த பின்பும், எழுதிய பக்கத்தை அடிக்க மனமின்றி விடை வரை இழுத்துச் செல்கிறோம். தையல் வகுப்பில் ஓர் இழை தவறினால் பிரிக்கச் சோம்பி மேலும் தைக்கிறோம். தோழியுடன் பிணங்கினால் தவறு நம்முடையது என்று தெரிந்தும் முதலில் திரும்ப நாணுகிறோம். நடந்த தூரம் வீணாகிறதே என்னும் வருத்தந்தான் நம்மைத் தவறான வழியில் நிறுத்தி வைக்கிறது. ஊதாரி மகன் தந்தையின் வீட்டை அடைந்தது எப்போது? திரும்பி நடந்தபோது அல்லவா?

வழி தவறினோம் என்று உணரும் அறிவையும், உணர்ந்த இடத்திலேயே திரும்பும் துணிவையும் இறைவன் நமக்கு அருள்வாராக! அவ்வாறு திரும்பி நடக்கையில் நம்முடனும் ஒரு துணைவர் நடப்பார் என்று நம்புவோமாக!